தெருவுக்கும் ஒரு ஹக்கு உண்டு

கோட்டை கட்டியவரின் பெயரை வரலாறு மறப்பதில்லை. அந்தக் கோட்டைக்குள் தெருவோரம் வீடமைத்து, வாணிபம் செய்து, பாங்கொலி கேட்டுப் பள்ளிக்கு நடந்து, பிள்ளைகளைக் கரையேற்றி, மண்ணில் மறைந்தவரின் பெயரை அது எழுதி வைப்பதும் இல்லை. ஆயினும், ஒரு நகரை நகராக்குவது மதிலா தெருவா என்று வினவினால், சிந்தனையுள்ளோர் தெருவே என்று விடை பகர்வர். மதில் இடிந்து மண்ணான பின்னும் ஊராக விளங்கும் ஊர்கள் எத்தனையோ உள. தெருவில் மனித நடமாட்டம் அற்ற பின்னும் ஊராக விளங்கும் ஊர் ஒன்றேனும் உண்டா?

இவ்வெளிய உண்மையிலிருந்து கடினமானதொரு வினா பிறக்கிறது. பழைய தெரு ஒன்று யாருக்குச் சொந்தம்? அதில் வீடுடையவருக்கா? அதை அமைத்துச் சென்ற முன்னோருக்கா? அடுத்த வீட்டில் வாழ்பவருக்கா? அல்லது அதன் அழகைக் கண்டு மகிழத் தொலைவிலிருந்து வரும் வழிப்போக்கருக்கா? வீட்டை விற்பதும் வைத்திருப்பதும் உரிமையாளரின் விருப்பம் என்று சட்டம் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. மனச்சாட்சிக்கு அந்த ஒரு வரி போதுவதில்லை. அது பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம்.

கோட்டை உண்டு, தெரு இல்லை

தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்குக் கோட்டைகள் புதியன அல்ல. அவ்வைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தலைநகர் தகடூர் இம்மண்ணிலேயே இருந்தது. தருமபுரி நகரில் ‘கோட்டைக் கோயில்’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. கோயில் நிற்கிறது, கோட்டையைக் காணோம். நகருக்குத் தெற்கே அதியமான்கோட்டை என்றோர் ஊரே உண்டு. ஒரு காலத்தில் இப்பகுதி முழுவதும் பாராமகால் என்று அழைக்கப்பட்டது. பன்னிரண்டு கோட்டைகளைக் குறித்து எழுந்த பெயர் அது என்பர். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இந்நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1965ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. 2004ஆம் ஆண்டு அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பாராமகாலின் மலைக்கோட்டைகள் இன்று இவ்விரு மாவட்டங்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

அவற்றுள் ஏறிப் பார்ப்பவர் என்ன காண்கிறார்? பாறையைத் தழுவிய மதில், நீர் வற்றிய சுனை, கூரையிழந்த கிடங்கு, ஆடு மேய்க்கும் சிறுவர். படை இருந்த இடங்கள் அவை. படை போனதும் பொருளிழந்தன. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மக்கள் சையத் பாஷா மலை என்றும் அழைக்கின்றனர். ஆண்டவர் பெயரினும் அங்கு அடங்கியிருப்பவர் பெயரே மக்கள் நாவில் வாழ்கிறது. மதிலுக்கு உயிர் தருவது அதற்குள்ளோ அதன் அடியிலோ மனிதர் கொண்டுள்ள உறவுதான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கடலைக் காணாத மாவட்டம் நம்முடையது. எனவே, மதிலும் தெருவும் மனிதரும் ஒருசேர இன்றும் நிலைத்திருக்கும் ஒரு பழம்பதியைக் காண நாம் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. தமிழகக் கரையில் தரங்கம்பாடி உண்டு. 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் அமைத்த நகரம் அது. அதன் நுழைவாயிலும் அரச வீதியும் இன்னும் காணத்தக்கவை. ஆனால், மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இலங்கையின் தென்கோடியில் உள்ள காலிக் கோட்டையிலோ மதில் குறைவின்றி நிற்கிறது. அதற்குள்ளே தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. அத்தெருக்கள் நம் வினாவுக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

காலியின் வீதிகளில்

மூன்று புறமும் கடல் சூழ, ஒரு புறம் மட்டும் நிலத்தோடு ஒட்டிய முனையில் காலிக் கோட்டை அமைந்துள்ளது. போர்த்துகீசியர் 1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் இம்முனையில் அரண் அமைத்தனர். 1640ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, கல்லும் பவளப்பாறையும் கொண்டு பெருமதிலாக எழுப்பினர். 1796ஆம் ஆண்டு அது ஆங்கிலேயர் வசமாயிற்று. நிலத்தை நோக்கிய மூன்று கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். மொத்தம் 14 கொத்தளங்கள் உள்ளன.

பழைய வாயிலில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் வெளிப்புறத்தில் ஆங்கில அரசின் சின்னம். உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பெனியின் எழுத்துகள், சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், 1669 என்னும் ஆண்டு. வெளியே ஒருவன் உரிமை கொண்டாட, உள்ளே மற்றொருவன் உரிமை கொண்டாடுகிறான். இருவரும் போய்விட்டனர். வாயில் வழியே காய்கறிக் கூடையோடும் பள்ளிப் பையோடும் நடப்பவர் யாரோ அவருடையதாக இன்று அது இருக்கிறது.

வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் நேரான, குறுகிய வீதிகள். தேவாலய வீதி, வெளிச்சவீட்டு வீதி, மருத்துவமனை வீதி என்று ஒவ்வொரு பெயரும் ஒரு தொழிலையோ கட்டடத்தையோ சுட்டுகிறது. லெயின் பான் வீதி என்பது கயிறு திரிக்கும் இடத்தால் பெற்ற பெயர். பாய்க்கப்பல்களின் காலத்தில் கயிறின்றித் துறைமுகம் ஏது? பெட்லர் வீதி என்று இன்று வழங்கும் தெருவை ஒல்லாந்தர் சோனக வணிகர் வீதி என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். வீடுகளின் முன்னே தூண்கள் தாங்கிய விறாந்தை, உள்ளே வெளிச்சம் இறங்கும் முற்றம், செம்மண் ஓட்டுக்கூரை. தெருவின் அடியில் ஒல்லாந்தர் அமைத்த செங்கல் வடிகால். கடல் ஏறி இறங்கும்போது அதன் நீர் புகுந்து கழிவைக் கழுவிச் செல்லும்படி வகுத்திருந்தனர்.

1755ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் உண்டு. அதன் தளத்தில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். 1871ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபைக் கோயில் உண்டு. பௌத்த விகாரை ஒன்றும் உண்டு. தென்கிழக்கு முனையில், 1939ஆம் ஆண்டு எழுந்த வெளிச்சவீட்டின் எதிரே, மீரான் ஜும்ஆ பள்ளிவாசல் வெண்மையாக நிற்கிறது. இன்றைய கட்டடம் 1904ஆம் ஆண்டினது. இரு கோபுரங்களோடு கூடிய அதன் முகப்பைத் தொலைவிலிருந்து காண்பவர் தேவாலயம் என்றே மயங்குவர். பிறையைக் கண்ட பின்னரே ஐயம் நீங்கும். தம் காலத்துக் கொத்தர்கள் அறிந்த வடிவில் இறை இல்லத்தை எழுப்பிக்கொள்ள அம்மக்கள் தயங்கவில்லை என்பதை இது காட்டுகிறது. கோட்டைக்குள்ளேயே பழமையான அரபுக் கல்லூரி ஒன்றும் பாடம் சொல்லி வருகிறது.

முஸ்லிம்கள் காலிக்கு வந்தது கோட்டைக்கும் முந்திய செய்தி. 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா இவ்வூருக்கு வந்தார். காலி என்னும் அச்சிற்றூரில் இப்ராஹீம் என்னும் கப்பல் தலைவர் தமக்கு விருந்தளித்ததைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். போர்த்துகீசியர் வருகைக்கு 160 ஆண்டுகள் முந்திய விருந்து அது. பின்னர் வந்த ஒல்லாந்தரோ சோனகரை வணிகப் போட்டியாளராகக் கருதினர்; குடியிருப்பிலும் வாணிபத்திலும் கட்டுப்பாடுகள் விதித்தனர்; ‘ஊழியம்’ என்னும் கட்டாய வேலையைச் சுமத்தினர். யாரை ஐயுற்று விதிகள் எழுதப்பட்டனவோ அவர்களின் பேரப்பிள்ளைகளே, எழுதியவர் சென்ற பின்னர், அவ்வீதிகளில் விளக்கேற்றி வைத்தனர்.

வடிகாலை மூடிய கல்

1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு கற்பலகை கண்டெடுக்கப்பட்டது. அது வடிகால் ஒன்றின் மேல் மூடியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளின் எழுத்துகள்! 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறிக்கப்பட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே அவர்களின் பயணத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கல் அது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கை சாற்றப்பட்டுள்ளது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று பொருள்கள் எண்ணப்பட்டுள்ளன. செங் ஹே யூனான் நாட்டு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர்தம் தந்தையும் பாட்டனாரும் ஹாஜி எனப் பெயர் பெற்றவர்கள். அக்கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இக்கல்லை வடிகாலின் மேல் வைத்தவரை நாம் குறை கூறலாமா? அவருக்குத் தேவைப்பட்டது தெருவில் நடப்போர் தடுக்கி விழாதிருக்க ஒரு மூடி. மும்மொழி அறியாத அவர் ஒரு நல்ல காரியமே செய்தார். பாதையில் கிடக்கும் இடையூற்றை நீக்குவதும் தருமம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், கல்லைக் கவிழ்க்கும் முன் அதன் முகத்தை ஒரு முறை பார்த்திருக்கலாமே என்னும் ஏக்கமும் நமக்கு எழாமலில்லை.

பழைமையைப் பேணுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்தக் கல்லில் அடங்கியிருக்கிறது. வாழ்பவரின் தேவையும் உண்மை. மறைந்தவரின் எழுத்தும் உண்மை. ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை மிதிப்பவர் பெரும்பாலும் தீயவர் அல்லர். அறியாதவர் அல்லது அவசரத்தில் இருப்பவர். ஆகவே, பழைய தெருவை இழப்பவரை நோக்கி விரல் நீட்டும் முன், அவருடைய தேவை என்ன, அதைத் தீர்க்க நாம் செய்தது என்ன என்று கேட்டுக்கொள்ளுதல் நம் கடமையாகும்.

மதிலின் எண்ணமும் மதிலின் பயனும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களையும், இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களையும் கொண்ட அந்நாளை நாம் மறந்துவிடவில்லை. காலியில் கோட்டைக்கு வெளியே இருந்த பேருந்து நிலையமும் கடைவீதியும் கிரிக்கெட் மைதானமும் சீரழிந்தன. கோட்டைக்குள் இருந்தோரை அந்த மதில் பெரிதும் காத்தது.

அம்மதில் எதற்காக எழுந்தது? கறுவாப் பட்டையின் வாணிபத்தைத் தனியுடைமையாக்கவும், பிறர் கப்பல்களை விலக்கவும், உள்நாட்டு மக்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும் எழுந்தது. அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒரு கம்பெனியின் மதில் அது. எண்ணத்தைக் கொண்டே செயல் மதிப்பிடப்படும் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைப் போதனை. அவ்வாறாயின், பேராசையால் எழுந்த சுவர் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஏழை எளியோரின் உயிரைக் காத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாம் இவ்வாறு கருதுகிறோம்: அந்த நன்மை மதிலைக் கட்டியவரின் கணக்கில் சேராது. அவர்கள் அதை எண்ணவில்லை. சுவருக்கோ எண்ணமே இல்லை. அது இறைவனின் ஏற்பாட்டால் வந்து சேர்ந்த அருள். ஆயினும், மதிலைத் தலைமுறைதோறும் இடிக்காமல் விட்டவர்கள், கல் பெயர்ந்த இடத்தில் கல் வைத்தவர்கள், அதன் மேல் மாலையில் உலாவித் தம் பிள்ளைகளுக்கு அதை நேசிக்கக் கற்பித்தவர்கள் ஆகியோருக்கு அதில் பங்கு உண்டு. ஒரு பொருள் எவ்வாறு பிறந்தது என்பது அதன் வரலாறு. அதை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பது நம் அறம். முன்னதை மறைக்கவும் கூடாது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கைவிடவும் கூடாது.

அன்று மதிலுக்கு உள்ளே இருந்தவர் பிழைத்ததும் வெளியே இருந்தவர் மாண்டதும் அவரவர் தகுதியால் அன்று. இதையும் சிந்திக்க வேண்டும். ஒரு சுவரின் எந்தப் பக்கத்தில் நாம் பிறந்தோம் என்பது நாம் ஈட்டியதன்று. காக்கப்பட்டவனுக்கு அதனால் பெருமை இல்லை, கடமையே உண்டு.

வறுமை காத்த அழகு

காலியின் தெருக்கள் இத்துணைப் பழமையோடு இருப்பதற்குக் காரணம் என்ன? ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் அனைத்தும் காலியில் தங்கிச் சென்றன. பயணிகளுக்கு மாணிக்கமும் நீலமும் விற்ற சோனக வணிகர்கள் செழித்தனர். மாக்கான் மாக்கார் குடும்பத்தினரின் புகழ்பெற்ற நகை வாணிபம் 1860ஆம் ஆண்டு காலியில்தான் தொடங்கியது. பின்னர், கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டும் பணி 1875ஆம் ஆண்டு தொடங்கி, 1885ஆம் ஆண்டு நிறைவெய்தியது. கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. பெரு வணிகர்களும் உடன் பெயர்ந்தனர். காலி உறங்கியது.

உறங்கிய ஊரில் புதுக் கட்டடங்கள் எழவில்லை. பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டப் பணமிருந்தோர் சிலரே. நூறாண்டுக் காலம் ஓட்டைச் சரிசெய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, உள்ளதைக் கொண்டு வாழ்ந்தனர். 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் காலியின் பழைய நகரையும் மதிலையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அது பாராட்டிய அழகின் பெரும்பகுதி அவ்வெளிய குடும்பங்களின் பொறுமையால் எஞ்சியது. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில், அழகைப் பாராட்டுவோர் அதன் விலையைச் செலுத்தியவரைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

பட்டியலில் சேர்ந்த பின்னர் உலகம் காலிக்கு வந்தது. வீடுகளின் விலை ஏறியது. வெளிநாட்டாரும் கொழும்புச் செல்வரும் வீடுகளை வாங்கினர். திண்ணையும் முற்றமும் உடைய இல்லங்கள் பல விடுதிகளாகவும், உணவகங்களாகவும், கைவினைப் பொருள் அங்காடிகளாகவும் மாறின. சன்னலின் சட்டத்தை மாற்றுவதற்குக்கூட இசைவு பெற வேண்டும் என்று பாரம்பரியக் காப்பு விதிகள் கூறுகின்றன. அந்தச் சன்னலின் உள்ளே நின்று தெருவைப் பார்த்திருந்த மூதாட்டி வெளியேறுவதற்கு யாருடைய இசைவும் தேவையில்லை. மரத்துக்கு இருக்கும் காப்பு மனிதருக்கு இல்லாமற்போயிற்று.

விற்பவர் குற்றவாளியா?

முன்னோர் வீட்டை விற்றவரை ஊர் ஏசுவது வழக்கம். இந்த ஏச்சு நியாயமானதா என்று ஆராய்வோம்.

முதலில் விற்பவரின் பக்கம். இலங்கை முஸ்லிம்களின் சொத்து 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மார்க்க முறையில் பாகப்பிரிவினையாகிறது. மனைவி, ஆண்மக்கள், பெண்மக்கள், பெற்றோர் என அனைவருக்கும் பங்கு உண்டு. செல்வம் ஒருவர் கையில் குவியாதிருக்க வகுத்த நீதி இது. மூத்த மகனுக்கே மாளிகை முழுவதும் என்னும் வழக்கமுள்ள நாடுகளில் பழைய மாளிகைகள் நிலைக்கின்றன. தங்கையர் வெறுங்கையோடு வெளியேறுகின்றனர். நம் முறையில் தங்கைக்குப் பங்கு கிடைக்கிறது, வீடு துண்டாகிறது. ஏழு பங்காளிகள் உள்ள வீட்டில் ஒருவர் தொடர்ந்து வாழ வேண்டுமாயின், மற்ற அறுவரின் பங்கையும் அவர் விலை கொடுத்து வாங்க வேண்டும். தெருவின் விலை பத்து மடங்கு ஏறிய பின்னர் அது எவருக்கு இயலும்? ஆகவே, விற்பனை பல நேரங்களில் பேராசையின் விளைவன்று. சகோதரியின் உரிமையை மறுக்காமல் கொடுத்ததன் விளைவு. அத்தகையவரை ஏசுதல் அநீதியாகும்.

இனித் தெருவின் பக்கம். ஒரு வீடு விலை போகும்போது நான்கு சுவர்கள் மட்டும் கைமாறுவதில்லை. அவசரத்துக்குக் கதவைத் தட்டும் அண்டை வீடு போகிறது. நோன்புக் காலத்தில் கஞ்சிப் பாத்திரம் சென்று வந்த வழி அடைபடுகிறது. பள்ளிவாசலின் முன்வரிசையில் ஓரிடம் காலியாகிறது. முதல் வீட்டை விற்றவர் நல்ல விலை பெற்றார். பத்தாவது வீட்டை விற்றவர் அதனினும் நல்ல விலை பெற்றார். எஞ்சியிருப்பவரோ எந்தத் தவறும் செய்யாமல் அண்டை அயலின்றித் தனித்துப் போனார். ஒவ்வொருவரும் தம் உரிமைக்குள் நின்று செய்த செயல்கள் கூடி, ஒருவருமே விரும்பாத விளைவைத் தந்துவிட்டன. தனித்தனியே குற்றமற்ற செயல்கள் ஒன்றுகூடிக் குற்றமாக முடியுமா என்னும் இவ்வினாவே நம் காலத்தின் பெரிய அறவினாக்களுள் ஒன்று என்போம்.

இதற்கு நம் ஃபிக்ஹு நூல்கள் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளன. ‘ஷுஃப்ஆ’ என்பது அதன் பெயர். ஒருவர் தம் மனையை வேற்றாளுக்கு விற்கும்போது, அதே விலைக்கு அதைத் தாமே பெற்றுக்கொள்ளும் முன்னுரிமை அது. அம்மனையின் கூட்டுப் பங்காளிக்கு இவ்வுரிமை உண்டு என்பதில் இமாம்கள் உடன்படுகின்றனர். அடுத்த வீட்டாருக்கும் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் கொள்கை. பங்காளிக்கு மட்டுமே என்பது ஷாஃபியீ மத்ஹபின் கொள்கை. உள்நாட்டில் வாழும் நம்மில் பெரும்பாலோர் ஹனஃபிகள். காலியிலும் காயலிலும் கீழக்கரையிலும் வாழ்வோர் பெரும்பாலும் ஷாஃபியீகள். சட்ட நுணுக்கத்தில் வேறுபட்டாலும் அதன் உள்ளே ஓடும் கருத்து ஒன்றே. விற்கும் உரிமை முழுமையானது. ஆயினும் அயலாரின் வாழ்வு அதில் கலந்திருக்கிறது. அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையே கிடைத்துவிடுமோ என்று எண்ணும் அளவுக்கு அவரைப் பற்றி வலியுறுத்தப்பட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் அறிவோம்.

எனவே, விற்பவரை நாம் குற்றவாளி என்று கூறமாட்டோம். அவருக்கு ஒரு கடமை உண்டு என்று மட்டும் கூறுவோம். தரகரிடம் போகும் முன்னர் அடுத்த வீட்டாரிடமும் ஊர்ப் பெரியோரிடமும் ஒரு வார்த்தை சொல்லுதல் அது. அவர்களால் வாங்க இயலாமற்போகலாம். ஆயினும், சொல்லி விற்பதற்கும் இரவோடிரவாக விற்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. அதே வேளையில், ஏசுகின்ற ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. பங்காளிகளின் பங்கை வாங்கப் போதிய வட்டியில்லாக் கடனோ, வீட்டை வக்ஃபாக்கி அதில் எளியோரைக் குடியமர்த்தும் ஏற்பாடோ செய்யாத ஜமாஅத்துக்கு, விற்றவரைப் பழிக்கும் தகுதி குறைவே. தெரு எல்லோருக்கும் பொது என்று சொல்பவர், அதைக் காக்கும் செலவையும் பொதுவாக்க முன்வர வேண்டும்.

பார்க்க வருபவரின் கடமை

எஞ்சியிருப்பவர் வழிப்போக்கர். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைக் காணுமாறு திருமறை பல இடங்களில் தூண்டுகிறது. ஆகவே, பழைய ஊர்களைக் காணச் செல்லுதல் வீண் பொழுதுபோக்கு என்று நாம் கருதவில்லை. காண்பதற்கும் ஒரு முறை உண்டு என்றே கூறுகிறோம்.

தெருக்களில் அமர்ந்திருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு விரும்பவில்லை. கூடிப் பேச எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டபோது, அவ்வாறாயின் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்னும் கருத்தில் பதிலளித்தார்கள். அந்த ஹக்கு யாது என்பதையும் விளக்கினார்கள்: பார்வையைத் தாழ்த்துதல், எவருக்கும் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல். மனிதருக்கு ஹக்கு உண்டு, விலங்குக்கும் ஹக்கு உண்டு என்று கேட்டிருக்கிறோம். தெருவுக்கும் ஒரு ஹக்கு உண்டு என்னும் இச்சிந்தனை எத்துணை ஆழமானது!

படக்கருவியைக் கையில் ஏந்திப் பழைய தெருக்களில் உலாவுவோருக்கு இந்த நான்கும் அப்படியே பொருந்தும். திறந்திருக்கும் கதவு அழைப்பாகாது. முற்றத்தில் உலரும் துணி காட்சிப் பொருளாகாது. அந்நூர் அத்தியாயம் பிறர் வீட்டில் நுழையும் முன் இசைவு கேட்டு ஸலாம் கூறுமாறு கட்டளையிடுகிறது. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுமாறும் கூறுகிறது. வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசி, அவர் பெயரைக் கேட்டு, அவர் கடையில் ஒரு பொருள் வாங்கி, அவர் தொழும் பள்ளியில் ஒரு வக்து தொழுது திரும்புபவர் அத்தெருவிலிருந்து எதையும் எடுத்துச் செல்லவில்லை. அவர் அதற்கு ஒன்றைக் கொடுத்துச் செல்கிறார்.

நம் தெருக்கள்

காலியைப் பற்றி இவ்வளவு எழுதியது காலியோடு நிறுத்துவதற்காக அன்று. தருமபுரியிலும், அரூரிலும், பாலக்கோட்டிலும், பென்னாகரத்திலும் உலகம் அறியாத பழைய தெருக்கள் உள்ளன. பள்ளிவாசலை ஒட்டி, ஓட்டுவீடும் திண்ணையுமாய், உருதும் தமிழும் கலந்தொலிக்கும் தெருக்கள் அவை. யுனெஸ்கோ அவற்றைத் தேடி வரப் போவதில்லை. வராதது நல்லதே என்றும் தோன்றுகிறது. ஆனால், புறவழிச் சாலையோரம் மனை வாங்கிப் பெயரும் குடும்பங்களும், பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடாவிலும் தங்கிவிட்டதால் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இங்கும் உண்டு. காலியில் உலகத்தின் செல்வம் செய்ததை இங்கு நம் கவனக்குறைவு செய்துகொண்டிருக்கிறது.

செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. பூட்டிய வீட்டின் திறவுகோலை நம்பிக்கையான அயலாரிடம் கொடுத்து வைக்கலாம். வாடகைக்கு விடும்போது மதரஸா ஆசிரியருக்கோ விதவைக்கோ முன்னுரிமை தரலாம். பாகப்பிரிவினை ஆவதற்கு முன்னரே பங்காளிகள் கூடி, வீட்டை வைத்திருக்க விரும்புபவர் யார், அவருக்கு எத்தனை ஆண்டுத் தவணை தரலாம் என்று பேசி முடிக்கலாம். தெருவின் மூத்தோரிடம் எந்த வீட்டில் யார் வாழ்ந்தார், எந்தக் கிணறு யார் வெட்டியது என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். வடிகாலின் மேல் ஒரு கல்லைக் கவிழ்க்கும் முன் அதன் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய தெரு யாருக்குச் சொந்தம் என்று தொடக்கத்தில் கேட்டோம். வீட்டின் பத்திரம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கு வீடு சொந்தம். தெருவோ எவருக்கும் சொந்தமன்று. எல்லோரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பெற்றவர் அதைப் பயன்படுத்தலாம், தேவைக்கேற்பச் சீர்திருத்தலாம், ஒரு நாள் அடுத்தவரிடம் ஒப்படைத்தும் விடலாம். ஒப்படைக்கும்போது யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு மட்டும் அவரைவிட்டு நீங்குவதில்லை. அப்பொறுப்பை உணர்ந்து நடக்க இறைவன் நமக்கு அருள்புரிவானாக!